பெப்டைடுக்குத் தமிழ்ச்சொல்: ‘அறுகூறு’ குறித்து என் மறுப்பு

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

முகச் சுருக்கத்தைக் குறைப்பதற்காகத் தோலில் பூசப்படும் பெப்டைடுகள் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு தொடர்கள்) பற்றிய கட்டுரையின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே, பெப்டைடுக்கு எந்தத் தமிழ்ச்சொல்லை ஆள்வது என்பது குறித்து இதுவரை வந்த மடல்களைக் கொண்டு ஒரு முடிவுக்கு வர முயல்கிறேன்.

பெப்டைடின் வேர் செரித்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்று காட்டிய புலவர் ஐயா, ‘அருந்தியது அற்றது’ என்னும் குறளில் ‘அறு’ என்னும் வினை அப்பொருளிலேயே நிற்பதால் ‘அறுகூறு’ என்று ஆக்கித் தந்தார். வேர்ப்பொருத்தம் அருமையானது. எனினும் ‘அறு’ என்று முன்னே கண்டவுடன் அறுசுவையும் அறுபடையும்தான் எவர் நினைவுக்கும் வரும். ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட அசிட்டைல் ஹெக்சாபெப்டைடை அப்போது எப்படி எழுதுவது? மேலும், இங்கே செரிமானத்துக்கு வேலையே இல்லை. பால்மிட்டாயில் பென்டாபெப்டைடு என்பது, தோலுக்கு உறுதி தரும் கொலாசன் புரதத்தின் முன்வடிவமான முன்கொலாசனின் சிறு பகுதியை ஒத்த ஐந்து அமினோ அமிலத் தொடர். தோலின் மேலடுக்கைக் கடப்பதற்காக அதனோடு ஒரு கொழுப்பமிலத்தை இணைத்திருக்கிறார்கள். 93 பெண்களின் முகத்தில் ஒரு பாதியில் அது கலந்த பூச்சையும் மறுபாதியில் அது கலவாத பூச்சையும் 12 வாரம் தடவி ஒப்பிட்டு, 2005இல் வெளியான ஆய்வே கட்டுரையின் நடுப்பகுதி. அங்கே இச்சொல் பலமுறை வருவதால், எண்ணுப்பெயரோடு எளிதில் புணரும் சொல்லே எனக்கு வேண்டும்.

‘பெப்டைடு’ என்றே எழுதினால், பகரமெய் (ப்) தன்னோடன்றிப் பிற மெய்யோடு மயங்காது, அதாவது அடுத்துச் சேர்ந்து வராது, என்னும் விதி மீறப்படுகிறது என்பது உண்மை. ஆனால் ககரமெய்க்கும் அதே விதி இருந்தும் ‘பக்தி’ என்று நாம் எழுதாமலா இருக்கிறோம்? ‘பெத்தைடு’ என்று திருத்தினால் வேதியியல் மாணவருக்கு அது வேறொரு பொருளாகவே தோன்றும்.

‘தொடரி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முத்தொடரி, ஐந்தொடரி, அறுதொடரி என்று அழகாகப் புணர்கிறது. ஆனால் அச்சொல்லை ரயிலுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். சுருக்கத்தைத் ‘திரை’ என்று மாற்றும் யோசனையையும் இதே காரணத்தால் ஏற்க இயலவில்லை; ‘நரை’ துணைக்கு வந்தால்தான் அப்பொருள் விளங்குகிறது.

எஞ்சியது பெரும்பாலோர் சொன்ன ‘புரதத்துணுக்கு’. இவை ஆய்வுக்கூடத்தில் கட்டப்படுபவை, புரதத்திலிருந்து உடைத்தெடுக்கப்படுபவை அல்ல என்று மருத்துவர் அம்மா எழுப்பிய தடைக்கு என்னிடம் விடையில்லை. ஆயினும் முதலிடத்தில் மட்டும் ‘பெப்டைடு எனும் புரதத்துணுக்கு’ என்றும், பிறகு ‘ஐந்துறுப்புத் துணுக்கு’ என்றும் எழுதியிருக்கிறேன். புலவர் ஐயா இன்னும் இசையவில்லை. வியாழன் மாலைக்குள் அவர் வேறு சொல் தந்தால் படியைத் திறந்தே வைத்திருக்கிறேன்.