புதுப்பிப்பு: நகராத குழாயில் கப்ளிங் ஏறாது

பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் வெடித்த பகுதியை வெட்டி, இரண்டு கப்ளிங்கில் (இரு குழாய் முனைகளை உள்ளே ஒட்டிச் சேர்க்கும் குட்டை இணைப்பு) புதுத் துண்டு சேர்க்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். குழாயைச் சற்று விலக்க முடிந்தால்தான் அது சரி. இரு முனையும் சுவருக்குள் போனால் இரண்டாவது கப்ளிங்கை நுழைக்கவே இடமிருக்காது.

அங்கே இரண்டு யூனியன் (நட்டால் இணைத்துப் பிரிக்கக்கூடிய, இரு பாதிகள் கொண்ட இணைப்பு) வாங்குங்கள். முதலில் நட்டுகளைக் குழாயில் மாட்டுங்கள். ஒட்டிய பிறகு சில வகைகளில் ஏறாது. சுவர்ப் பக்க முனைகளில் ஒவ்வொரு யூனியனின் ஒரு பாதியை ஒட்டி, அவற்றின் முகத்திலிருந்து முகம்வரை அளந்து, மற்ற பாதிகளை ஒட்டிய நடுத்துண்டை வெளியே தயாரித்துப் பக்கவாட்டில் செருகுங்கள். துண்டு குட்டையானால் நட்டை முறுக்கி இழுக்காதீர்கள், ஒட்டு விட்டுவிடும். யூனியனுக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் பசை படக்கூடாது. யூனியனைச் சுவரோடு பூசி மூடவும் வேண்டாம்.

வாங்கும் முன் குழாய் வகையைப் பாருங்கள்: முக்கால் அங்குல சிபிவிசியின் (சுடுநீருக்கும் ஏற்ற பிளாஸ்டிக் குழாய்) வெளிவிட்டம் 22.2 மிமீ, யுபிவிசி (குளிர்நீருக்கான பிளாஸ்டிக் குழாய்) 26.7 மிமீ. ஒன்றின் ஃபிட்டிங் மற்றதில் சேராது, பசையும் வேறு.

வால்வை மூடியும் நீர் கசிகிறதா? ரொட்டியின் வெள்ளைப் பகுதியை உருட்டிக் குழாய்க்குள் அடைத்து, உடனே ஒட்டுங்கள், பிறகு கரைந்துவிடும். (கரைந்த ரொட்டியை ஷவர் வழியாக வெளியேற்றாதீர்கள், அடைக்கும்.) எந்த ஒட்டுக்கும், வெட்டிய முனையின் பிசிறை முதலில் உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். ஓர் இரவு விட்டு, வால்வை மெதுவாகத் திறக்கவும்.