கண்ணுக்குள் போடும் ஊசியின் இடைவெளியை நீட்டும்போது வீட்டில் எப்படிக் கண்காணிப்பது?

வணக்கம். என் தாயாருக்கு இடது கண்ணில் வயது சார்ந்த மாகுலா (விழித்திரையின் மையப் பகுதி) சிதைவின் ஈர வகை கண்டறியப்பட்டு, விழித்திரைக்கு அடியில் முளைக்கும் இரத்த நாளங்களை அடக்குவதற்காகக் கண்ணுக்குள் அஃப்ளிபர்செப்ட் ஊசி போடப்பட்டு வருகிறது. தொடக்கத்தில் மாதம் ஒருமுறை போடப்பட்ட ஊசியை, விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் இப்போது நீர்க்கசிவு தெரியாததால், இரண்டிரண்டு வாரமாகத் தள்ளி 12 வாரம் வரை நீட்டலாம் என்று மருத்துவர் கூறுகிறார். இம்முறை பரவலாகக் கையாளப்படுவதுதான் என்பதை அறிவேன். ஆயினும் இரு பரிசோதனைகளுக்கு இடையே கசிவு திரும்பினால் அதை வீட்டில் எப்படி அறிவது என்பதே என் கவலை.

படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஆம்ஸ்லர் கட்டத்தின் (கோடுகள் வளைந்து தெரிகின்றனவா என்று பார்க்க உதவும் கட்டம் போட்ட தாள்) நடுப்புள்ளியை மட்டும் நோக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவோ (ஆசிரியராக இருந்தவர்) விடைத்தாள் திருத்துவதைப் போல ஒவ்வொரு கோடாக ஆராய்கிறார். அதனால் கோடுகள் வளைவது தெரியாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

இதே சிகிச்சையில் இருப்பவர்கள், இடைவெளியை நீட்டியபோது கசிவு திரும்பியதை எந்த அறிகுறியால் முதலில் உணர்ந்தீர்கள்? பாதிப்பில்லாத மற்றொரு கண்ணையும் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் செய்கிறார்களா? பார்வை திடீரென மங்கினாலோ, ஊசிக்குப் பின் வலியும் சிவப்பும் கூடினாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பது தெரியும்; நான் கேட்பது அதற்கு முந்தைய சிறு மாற்றங்களைப் பற்றி.