பல்கலைக்கழக விடுதியில் டெபுட்டி வார்டனாகச் சேர்கிறேன்: முதல் இரண்டு வாரத்தில் எதையெல்லாம் பார்க்கணும்?

கருப்பூரான்

வணக்கம். சேலம் ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் விடுதியில் அடுத்த திங்கள்கிழமை டெபுட்டி வார்டனாகச் சேர்கிறேன். பாடம் நடத்துவது பழக்கம், விடுதி வேலை புதிது. மூன்று தளம், 80 அறை, அறைக்கு மூன்று பேர், ஆக 240 மாணவர்கள். அதில் 80 பேர் முதலாண்டு. மெஸ் டிவைடிங் சிஸ்டம். முதலாண்டுப் பையன்கள் வந்து சேர இன்னும் 16 நாள் இருக்கிறது. இப்போது பொறுப்பில் இருப்பவர் ஒரே நாளில் சாவிக்கொத்தையும் ரெஜிஸ்டர்களையும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறார்.

பொறுப்பு ஏற்கும்போது எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடணும்? மெஸ் கணக்கில் எங்கே தப்பு வரும்? ராகிங் விஷயத்தில் சட்டப்படி என் வேலை என்ன? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பூட்டுசாவி

சார், ஒரே நாளில் ஒப்படைக்கிறார் என்றால் அன்றைக்கே "சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிவிடாதீர்கள். "ரெஜிஸ்டரில் உள்ளபடி பெற்றேன், நேரில் எண்ணிச் சரிபார்க்க வேண்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். பிறகு ஏழு நாளுக்குள் எண்ணி முடித்து, குறைவதைப் பட்டியலாக்கித் தலைமை வார்டனுக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் வருடக் கடைசி ஸ்டாக் சரிபார்ப்பில் காணாமல் போன கட்டிலும் மின்விசிறியும் உங்கள் பெயரில் ஏறும்.

எண்ணும்போது அறை அறையாகப் போங்கள். கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி, பீரோ, விசிறி, ட்யூப்லைட், ஜன்னல் கண்ணாடி, கொக்கி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதே தாளில் பையன் அறைக்குள் வரும் நாளில் அவன் கையெழுத்தையும் வாங்குங்கள். காலி செய்யும்போது காஷன் டெபாசிட்டில் பிடித்தம் வந்தால், ஏற்கெனவே உடைந்திருந்ததா இல்லையா என்ற சண்டைக்கே இடமிருக்காது. கைபேசியில் நான்கு மூலையும் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

சாவி விஷயம். ஒவ்வொரு அறைக்கும் இரண்டாவது சாவி அலுவலகத்தில் இருக்கணும். மாடிக் கதவு, பின்பக்க கேட், மாடிப்படி கிரில் கேட் இந்த மூன்றின் சாவியும் இரவில் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதை முதல் நாளே கேளுங்கள். கிரில் கேட்டை இரவு பூட்டிவிட்டு வாட்ச்மேன் சாவியோடு மெயின் கேட்டில் உட்கார்ந்திருப்பது பல விடுதிகளில் வழக்கம். தீப்பிடித்தால் மேல் தளத்துப் பையன்களுக்கு இறங்க வழியே இருக்காது. ஒன்று பூட்டாமல் ஆள் போடணும், இல்லாவிட்டால் சாவி அதே தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கணும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது கரண்ட். வாட்டர் ஹீட்டர் ராடும் கெட்டிலும் பெரும்பாலும் 1,500 வாட். 230 வோல்ட்டில் ஒன்றே ஆறரை ஆம்பியர் இழுக்கும், விசிறிக்கும் லைட்டுக்கும் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் முதலில் பிளக் கருகும். ஒரே லைனில் இரண்டு அறையில் போட்டால் 13 ஆம்பியர், எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) டிரிப் ஆகும். நல்லதுதான், அதற்குத்தான் அது இருக்கிறது. அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியன் 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 20 போட்டுவிட்டுப் போவதுதான் ஆபத்து. அப்புறம் சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும். போர்டைத் திறந்து ஒவ்வொரு எம்.சி.பி. அளவையும் எழுதி வையுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். ராடைப் பிடுங்கி வைப்பதோடு நிறுத்தாமல் குளியலறைப் பக்கம் பொது வெந்நீர் ஏற்பாடு கேளுங்கள். வெந்நீருக்கு வேறு வழியில்லாத இடத்தில் ராடு திரும்பத் திரும்ப வரும்.

தண்ணீர்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கட்டடக் கணக்கு. 240 பேருக்கு 32,400 லிட்டர். உங்கள் மேல் தொட்டிகளின் மொத்தக் கொள்ளளவையும் மேட்டூர்த் தண்ணீர் வரும் நேரத்தையும் எழுதி வையுங்கள். போர் தண்ணீரும் மேட்டூர்த் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். குடிநீர்க் குழாய் எது என்று பையன்களுக்குத் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள். பிளீச்சிங் பவுடர் புதிதாக இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 முதல் 4 கிராம் போதும். குழம்பாகக் கரைத்துத் தெளிய வைத்து மேல்நீரை மட்டும் ஊற்றணும், குறைந்தது அரை மணி நேரம் விட்டபின் திறக்கணும். கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. சோதிக்கும் கிட் மலிவு. மூட்டை திறந்து மாதக்கணக்கில் கிடக்கும் பவுடரில் வீரியம் போயிருக்கும், அதை எத்தனை போட்டாலும் பலனில்லை.

வாரம் ஒரு நாள் தொட்டி மூடி, ஃபிரிட்ஜ் பின்தட்டு, மாடியில் கிடக்கும் உடைந்த பக்கெட் எல்லாவற்றையும் காயவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால்தான் வாரக் கணக்கு.

மெஸ்பில்

மெஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் என் பக்கம்.

டிவைடிங் என்பது மொத்தச் செலவைச் சாப்பாட்டு நாட்களால் வகுப்பது. ஆள் எண்ணிக்கையால் வகுப்பதில்லை. 240 பேர், 30 நாள் என்றால் 7,200 நாள். அந்த மாதம் ரிடக்‌ஷன் (ஊருக்குப் போனவர்களுக்குக் கழிக்கும் நாட்கள்) 900 நாள் போனால் மிச்சம் 6,300. செலவு 7,56,000 ரூபாய் என்றால் ஒரு நாளுக்கு 120. யாராவது அவசரத்தில் 7,200-ஆல் வகுத்தால் 105 வரும். பில் போடுவது 6,300 நாளுக்குத்தான், ஆகவே 94,500 ரூபாய் துண்டு விழும். அதை அடுத்த மாதப் பையன்கள் தலையில் கட்டுவார்கள். புதிதாகச் சேர்ந்தவன் முந்தைய மாதக் கடனை ஏன் கட்டணும்?

செலவு என்பதும் வாங்கியது அல்ல, தீர்ந்தது. ஆரம்ப இருப்பு கூட்டல் கொள்முதல் கழித்தல் இறுதி இருப்பு. இரண்டு மாத அரிசியை ஒரே மாதச் செலவில் போட்டுவிட்டால் அந்த மாதம் பில் ஏறும், அடுத்த மாதம் குறையும், பையன்கள் உங்களைச் சந்தேகப்படுவார்கள்.

இருப்பு எடுக்கும்போது மூட்டையை மட்டும் எண்ணாதீர்கள். 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு பல ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறிவிட்டன. ரெஜிஸ்டரில் பழக்கத்தில் 25 என்றே எழுதுவார்கள். 60 மூட்டைக்கு 60 கிலோ கணக்கில் வராத அரிசி, அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தராசில் போட்டு எடுங்கள்.

பையன்கள் விடுதிக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி என்று தொடங்கலாம், 240 பேருக்கு 36 கிலோ. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு 36 கிலோ வடிக்காதீர்கள். ஊருக்குப் போகும் பஸ் ஏறிவிடுவார்கள். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா, ஆடிப்பெருக்கு நாட்களில் சுற்று வட்டாரப் பையன்கள் யாரும் மெஸ்ஸில் இருக்க மாட்டார்கள். மதியத்துக்குள் அவுட்பாஸ் எண்ணிக்கை சமையலறைக்குப் போய்ச் சேரும்படி செய்தால் வீணாவது பாதியாகக் குறையும்.

சிலிண்டர் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தானா என்று பாருங்கள். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் மெஸ்ஸில் இருக்கவே கூடாது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் காலாவதித் தேதி, சமையல்காரர்களின் மருத்துவச் சான்று இரண்டையும் முதல் வாரத்திலேயே கேளுங்கள். ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் 100 கிராம் எடுத்துத் தேதி ஒட்டி 48 மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வாந்தி பேதி என்று பத்துப் பேர் வந்தால் காரணம் கண்டுபிடிக்க அது ஒன்றுதான் கையில் இருக்கும். ஆறிய சோற்றை மறுநாள் லெமன் சாதமாக்குவதை நிறுத்துங்கள். வெளியே கிடந்த சோற்றில் உண்டாகும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

கடைசியாக ஒன்று. மெஸ் பாக்கிப் பட்டியலைப் பெயரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது வழக்கமாக இருந்தால் அன்றே கிழித்துவிடுங்கள். பாக்கி வைப்பவர்களில் பலர் கல்வி உதவித்தொகையை நம்பி இருக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள். தொகை தாமதமாக வருவது அவர்கள் குற்றமில்லை. பெயரை ஒட்டினால் சாதியையே ஒட்டினது மாதிரி. தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்.

அஸ்தம்பட்டி

ராகிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு சட்டம் தெரிந்திருக்கணும். தமிழ்நாட்டின் ராகிங் தடைச் சட்டம் 1997, இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அடுத்தது யு.ஜி.சி.யின் 2009 விதிமுறைகள். மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்கணும், விடுதியில் சேர்பவர்களுக்கு அது தனியாக இன்னொன்று. அட்மிஷனில் கொடுத்தது போதும் என்று அலுவலகம் சொல்லும், போதாது. முதலாண்டை முடிந்தவரை தனிப் பகுதியில் வைக்கணும். உங்களிடம் மூன்று தளம் இருப்பதால் தரைத்தளத்தை அவர்களுக்கு விடுங்கள், உங்கள் அறையும் அங்கேயே இருக்கட்டும். முதல் மூன்று மாதம் 15 நாளுக்கு ஒருமுறை பெயர் எழுதாத கருத்துக்கணிப்பு. புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். போடுவது நிறுவனத் தலைவரின் கடமை. உங்கள் கடமை தகவலை அன்றே எழுத்தில் மேலே அனுப்புவது. "பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் எழுதி அனுப்புங்கள். உதவி எண் 1800-180-5522, குளியலறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். தனியாக இருக்கும்போதுதான் அந்த எண்ணைப் பையன் குறித்துக்கொள்வான்.

நேரில் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அறிகுறி பார்க்கணும். இரவு சாப்பாட்டுக்கு வராத முதலாண்டு, பத்து மணிக்குமேல் மேல் தளத்துக்குத் தண்ணீர் பாட்டிலோடு ஏறும் பையன், சீனியரின் ரெக்கார்டு நோட்டு ஜூனியரின் மேசையில், ஒரே ஆள் துவைக்கும் நான்கு பேர் துணி. வெளியில் வாடகை அறையில் தங்கியிருக்கும் சீனியர்கள் கூப்பிட்டு அனுப்புவதும் உண்டு. மொட்டை மாடியையும் குளியலறை வரிசையையும் பத்தரைக்கும் ஒரு மணிக்கும் இடையே நேரம் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். தினமும் 11 மணிக்குப் போனால் 11.15-க்குத்தான் தொடங்குவார்கள்.

முதலாண்டில் சிலருக்கு 17 வயதுதான். 18 நிரம்பாதவர் சட்டப்படி குழந்தை. பாலியல் தொந்தரவு என்று தெரியவந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் மறைத்தவர் மேலேயே வழக்கு. பிறந்த தேதி வரிசையில் ஒரு பட்டியல் எடுத்து வையுங்கள்.

அறை ஒதுக்கும்போது "நண்பர்களோடு போடுங்கள் சார்" என்று வருவார்கள். ஒப்புக்கொண்டால் இரண்டே வாரத்தில் ஊர் வாரியாக, அதிலும் சாதி வாரியாக அறைகள் பிரிந்துவிடும். துறையையும் மாவட்டத்தையும் கலந்து நீங்களே போடுங்கள். மாற்றம் கேட்டால் ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எல்லாருக்கும் ஒரே பதில்.

வருகைப் பதிவுக்குத் தாளைச் சுற்ற விடாதீர்கள். ஒருவன் நான்கு கையெழுத்துப் போடுவான். அறை வாசலில் நின்று முகம் பார்த்து எண்ணுங்கள். 80 அறைக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் யார் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான் என்பதும் தெரியும். அவுட்பாஸுக்கு அப்பாவைக் கூப்பிடுவதானால் அட்மிஷன் பதிவேட்டில் இருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள், பையன் கொடுக்கும் எண்ணை அல்ல.

சாகணும் போல இருக்கு என்று ஒருவன் சொன்னாலோ, உங்களுக்கு அப்படித் தோன்றினாலோ, நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. அதன்பிறகு ஒரு நிமிடமும் தனியாக விடக்கூடாது, அறிவுரையும் வேண்டாம். அன்றிரவே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மறுநாள் "எப்படி இருக்கே" என்று கேட்க ஒரே ஆள் பொறுப்பேற்கணும், ஐந்து பேர் விசாரித்தால் அவன் ஒளிந்துகொள்வான்.

கருப்பூரான்

எல்லாருக்கும் நன்றி. எம்.சி.பி. பட்டியலும் பிறந்த தேதிப் பட்டியலும் என் யோசனையிலேயே இல்லை. இன்னொன்று: ஏற்காட்டில் எங்களுக்கு 40 பேர் தங்கும் சிறு விடுதி இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் அதையும் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே என்ன வித்தியாசம்?

சேர்வராயன்

சமையலே வேறு சார். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே கொதிக்க வைத்து வேகவைக்கும் பருப்பு மேலே நேரம் இழுக்கும், கேஸும் கூடச் செலவாகும். பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேண்டாம். இட்லி மாவு குளிரில் புளிக்காது, சேலத்தில் சாயங்காலம் அரைப்பதை இங்கே மதியத்துக்கு முன்பே அரைத்துச் சமையலறைக்குள் மூடி வைக்கணும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், ஒட்டிப் போட்டால் மெத்தை பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ள பையன்களின் பட்டியலும் அவர்கள் இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்பதும் வாட்ச்மேனுக்கும் தெரிந்திருக்கணும்.

20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் அரசு மருத்துவமனை போய்ச் சேர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மூடுபனி என்றால் இன்னும் கூடும். ஆகவே காய்ச்சல், வயிற்று வலி எதுவானாலும் இருட்டும் முன்பே முடிவெடுங்கள். முதலில் 108, ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டுக் கீழே அனுப்பலாம். ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நாளுக்கு அரிசி, பருப்பு, சிலிண்டர், ஜெனரேட்டர் டீசல் இருப்பு வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கீழே இறங்க இன்னொரு பாதையாகக் குப்பனூர் வழி இருக்கிறது, ஆனால் பெருமழையில் அதையும் நம்ப முடியாது.

கீழே இருக்கும் 240 பேரில் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் மேலே வருபவர்கள் நிறைய இருப்பார்கள். அவுட்பாஸில் "ஏற்காடு" என்று எழுதினால் திட்டாமல் கொடுங்கள், ஹெல்மெட் இரண்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, மாலை 5 மணிக்குள் இறங்கிவிடணும் என்று எழுதி அனுப்புங்கள். திட்டினால் அடுத்த வாரம் "வீட்டுக்கு" என்று எழுதிவிட்டு வருவான், அடிபட்டால் எங்கே தேடுவது என்றே உங்களுக்குத் தெரியாது.

மெஸ்பில்

மலை விடுதிக்கு மெஸ் கணக்கைத் தனியாக வையுங்கள் சார். லாரி வாடகையும் கூடுதல் கேஸும் சேர்வதால் அங்கே நாள் செலவு எப்போதும் கூடும், 40 பேர் என்பதால் ஐந்து பேர் ஊருக்குப் போனாலே ஆளுக்குப் பல ரூபாய் ஏறும். இரண்டையும் சேர்த்து வகுத்தால் கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். ஸ்டோரிலிருந்து மேலே அனுப்பும் சரக்குக்கு இண்டென்ட் (சரக்குப் பட்டியல் சீட்டு) மூன்று பிரதி, ஒன்று டிரைவர் கையில்.