மோட்டார்ஹோம் பின்னாடி இழுக்கற கார் முன்வீல் ஆடுது, உதவி வேணும்

நாங்க தென்னாப்பிரிக்கா டர்பன், சாட்ஸ்வொர்த். ஃபியட் டுகாட்டோ மோட்டார்ஹோம் (உள்ளயே தங்கற வசதி இருக்கற வேன்) பின்னாடி 2004 டொயோட்டா டாஸ், மேனுவல் கியர், ஏ-ஃப்ரேம் (கார் முன்பக்கத்த மோட்டார்ஹோமோட இணைக்கற A வடிவ இரும்புச் சட்டம்) போட்டு நாலு வீலும் ரோட்ல ஓட இழுத்துட்டு வர்றோம். போன சனிக்கிழமை ஹாரிஸ்மித்லேந்து திரும்பறப்ப என்3 ஹைவேல வான் ரீனன்ஸ் பாஸ் மலை இறக்கத்துல 60 தாண்டினதும் டாஸோட முன்வீல் ரெண்டும் படபடன்னு ஆடி, கேமரால பாத்தா பானெட் இடதும் வலதுமா வெட்டுது, 40க்கு கொண்டு வந்தப்புறம்தான் நின்னுச்சு. மோட்டார்ஹோம் உள்ள பசங்க இருந்தாங்க, வீடு வந்தும் கை நடுக்கம் போகல.

கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் எறக்கியாச்சு, சாவிய ஒரு பாயிண்ட் திருப்பி ஸ்டியரிங் லாக்கும் எடுத்தாச்சு. டயர் காத்து பாத்தேன், வீல் பேலன்ஸ் பண்ணேன், முன் டயர பின்னாடி மாத்திட்டு நேத்து மறுபடி இழுத்தேன், அதே ஆட்டம். தனியா ஓட்டினா 110லயும் ஸ்டியரிங் துளி ஆடல, அதான் புரியவே இல்ல. ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, ஏ-ஃப்ரேம் சமமா நிக்கல, மோட்டார்ஹோம் பக்கம் ஒரு சாண் ஒசந்திருக்கு.

இழுத்து அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, முதல்ல டோபால் (மோட்டார்ஹோம் பின்னாடி ஏ-ஃப்ரேம் மாட்டற இரும்பு உருண்டை) உயரத்த இறக்கி ஃப்ரேம சமமாக்கணுமா, இல்ல டாஸோட வீல் அலைன்மெண்ட், டை ராட் (ஸ்டியரிங்க முன்வீலோட இணைக்கற கம்பி) பாக்கணுமா?