கிரீக், ஸ்க்வீக், கிளாங், கிளாங்க்: ஆங்கில ஒலிச்சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: மொழிபெயர்ப்பு பழகுபவர்

வணக்கம். ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கிப் பழகி வருகிறேன். நள்ளிரவில் பாழடைந்த வீடு ஒன்றுக்குள் ஒருவன் நுழையும் காட்சி அதில் வருகிறது. கதவு 'கிரீக்' என்கிறது. வெளியே சருகுகள் 'ரஸில்' என்கின்றன. மாடியில் ஏதோ 'தட்' என்று விழுகிறது. சங்கிலி ஒன்று 'கிளாங்க்' என்கிறது. கடைசியில் யாரோ படிக்கட்டில் 'கிளாட்டர்' செய்துகொண்டு இறங்கி வருகிறார். முதல் வரைவை வாசித்துப் பார்த்தபோது, ஒரே பத்தியில் 'சத்தம் கேட்டது' என்று ஐந்து முறை எழுதியிருந்தது தெரிந்து வெட்கமாகிவிட்டது. அகராதியைப் புரட்டினால் 'ஒருவகை ஓசை', 'உரத்த ஓசை' என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. கிரீக்குக்கும் ஸ்க்வீக்குக்கும், கிளாங்குக்கும் கிளாங்க்குக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? இவற்றை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

மனப்பாடம் தேவையில்லை, சொல்லை வாய்விட்டு உச்சரித்துப் பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். கிளிக், டாப், பாப் ஆகிய சொற்கள் க், ப் போன்ற வல்லொலிகளில் முடிவதால், சொல்லி முடிக்கும்போது மூச்சு சட்டென்று அடைபடுகிறது. அவை குறிக்கும் ஓசைகளும் அப்படியே பிறந்த கணத்தில் அறுந்துபோகின்றன. ரிங், டிங் என்பவற்றில் வாய் மூடினாலும் மூக்கின் வழியே ஒலி தொடர்கிறது. மணியோசையும் அடித்த பின் நீண்டு அதிர்கிறது. நீங்கள் கேட்ட கிளாங், கிளாங்க் என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவேதான். பெரிய மணியை அடித்தால் அது கிளாங்; கனத்த சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று மோதி, உலோக அதிர்வு எழும்போதே அமுங்கிவிட்டால் அது கிளாங்க். இறுதியில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு ககரம்தான் அதிர்வை அறுக்கிறது.

உயிரெழுத்தும் இதற்கு உதவும். கண்ணாடிக் கோப்பைகள் இலேசாக உரசினால் கிளிங்க். இரும்புத் துண்டுகள் மோதினால் கிளாங்க். கனமான பொருள் மந்தமாகச் சென்று பொருந்தினால் கிளங்க். இகரம் சிறியதையும் மெல்லியதையும், அகரம் பெரியதையும் நினைவூட்டுவது நம் கற்பனை மட்டுமன்று. எட்வர்ட் சபீர் என்னும் மொழியியலாளர் 1929இல் வெளியிட்ட ஆய்வில், 'மில்', 'மல்' என்னும் பொருளற்ற இரண்டு சொற்களைக் கொடுத்து, இவற்றுள் பெரிய மேசையைக் குறிப்பது எது என்று கேட்டபோது, பெரும்பாலோர் 'மல்' என்றே விடையளித்தனர்.

விகுதியையும் கவனியுங்கள். ஒருமுறை வெடித்து விரிசல் விட்டால் கிராக். நெருப்பில் சுள்ளிகள் விட்டுவிட்டுப் பொரிந்தால் கிராக்கிள். மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் பாட். கூரைமேல் மழைத்துளிகள் அடுத்தடுத்து விழுந்தால் பாட்டர். எல்லாச் சொற்களையும் இப்படிப் பிரித்துவிட முடியாது. விசில் என்பதிலிருந்து 'ல்' ஓசையை நீக்கிவிட்டால், மிஞ்சுவதற்கு இன்றைய ஆங்கிலத்தில் பொருள் கிடையாது.

மறுமொழி 2: ஒலிப்பதிவாளர்

ஆசிரியர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் உச்சரிப்பை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். பெரியது என்னும் பொருளுடைய 'பிக்' இகரத்தில் வருகிறது, சிறியது என்னும் பொருளுடைய 'ஸ்மால்' வாயை அகலத் திறக்க வைக்கிறது. எனவே ஓசை எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கிரீக்கையே எடுத்துக்கொள்வோம். எண்ணெய் இல்லாத கீல் ஒன்றை மிக மெதுவாகத் திருப்பினால், உலோகப் பரப்புகள் ஒட்டிக்கொள்வதும் வழுக்குவதுமாக மாறி மாறி நிகழ்வதால், 'டிக், டிக்' என்று தனித்தனியான துடிப்புகள் கேட்கும். சற்று வேகமாகத் திருப்பினால் அந்தத் துடிப்புகள் நெருங்கி, ஒரே இழுவையான முனகலாக மாறிவிடும், அதுதான் கிரீக். துடிப்புகள் மேலும் மேலும் விரைவானால் ஓசை மெலிந்து உச்சத்துக்கு ஏறும். அப்போது அதை ஸ்க்வீக் என்பார்கள். வழவழப்பான தரையில் ரப்பர் காலணி எழுப்புவது ஸ்க்வீக். காதைக் கிழிக்கும் அளவுக்கு உரத்துவிட்டால் ஸ்கிரீச். ஆக, இவை ஒட்டி வழுக்கும் ஒரே உராய்வின் வெவ்வேறு நிலைகள். பழைய மரத்தரையும் நாற்காலியும் பெரும்பாலும் கிரீக் பக்கமே நிற்கும்.

எங்கள் தொழிலில் இச்சொற்களை ஏறக்குறையக் கலைச்சொற்களாகவே வைத்திருக்கிறோம். பதிவில் மின்சாரக் கம்பியின் தாழ்ந்த ஒற்றைச் சுருதி, அதாவது நாட்டின் மின்னோட்டத்தைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அளவிலும் அதன் இருமடங்கிலும் ஒலிப்பது, புகுந்துவிட்டால் அதை ஹம் என்போம். அதே ஓசையில் மேல்சுருதிகள் ஏராளமாகச் சேர்ந்து கரகரத்தால் பஸ் என்போம். எழுத்தில் வண்டியைப் போலத் தெரிந்தாலும் தேனீயின் பஸ்தான் இது. சுருதியே இல்லாமல் 'உஸ்' என்று பரவிக் கிடப்பது ஹிஸ். ஹம் என்று எழுதவேண்டிய இடத்தில் ஹிஸ் என்று எழுதி அனுப்பிய ஒருவரால், இல்லாத பழுதைத் தேடி ஒரு நாள் முழுவதையும் நான் வீணாக்கியிருக்கிறேன்.

மறுமொழி 3: கதை மொழிபெயர்ப்பாளர்

இருவரும் சொல்லைப் பற்றிப் பேசினார்கள். நான் வாக்கியத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் இடர்ப்பாடு உண்மையில் அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓசையே வினையாகி, எழுவாயைத் தூக்கிக்கொண்டு நகரவும் செய்கிறது. லாரி தெருவில் 'ரம்பிள்' செய்தது என்றால் அது தாழ்ந்து உறுமியது என்பது மட்டும் பொருளன்று. உறுமியபடியே தெருவைக் கடந்து சென்றது என்பதும் அதற்குள் அடங்கும். உங்கள் படிக்கட்டு வாக்கியமும் இவ்வகைதான். தமிழில் ஓசையும் நகர்வும் ஒரே வினையில் அடங்குவது அரிது. 'தடதடவென்று படியிறங்கி வந்தார்' என்று இரண்டாகப் பிரிப்பதே இயல்பு. ஆங்கிலத்திலும் நகர்வினால் பிறக்கும் ஓசைக்கே பெரும்பாலும் இந்த உரிமை உண்டு. நாய் தெருவில் குரைத்தபடி ஓடியது என்பதைக் குரைத்தல் என்னும் வினை ஒன்றால் மட்டும் அவர்கள் சொல்லிவிடுவதில்லை, ஏனெனில் குரைப்பு ஓட்டத்தால் பிறப்பதில்லை.

நம்மிடம் சொற்பஞ்சம் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். 'கம்பலை, சும்மை, கலி, அழுங்கல்' ஆகிய நான்கும் அரவத்தைக் குறிப்பன என்று தொல்காப்பியம் பட்டியலிடுகிறது. அவை இன்றைய உரைநடைக்கு ஒத்துவராது என்றாலும், அந்த 'அரவம்' இன்னும் ஆளரவத்தில் உயிரோடு இருக்கிறது. 'சத்தம்' ஒருபோதும் தராத அச்சத்தை அது உங்கள் நள்ளிரவு வீட்டுக்குத் தரும். கடலுக்கும் இயந்திரத்துக்கும் இரைச்சல், வண்டுக்கு ரீங்காரம், பாம்புக்குச் சீற்றம் என்று மூலத்தைப் பொறுத்துச் சொல் மாறும். இவற்றுக்கு அப்பால் 'என்று' என்னும் கருவி இருக்கிறது: பொத்தென்று, தொப்பென்று, மளுக்கென்று, படாரென்று. உங்கள் 'தட்' கனமும் மந்தமும் கூடியது என்பதால், 'பொத்தென்று' என்பதைவிடத் 'தொப்பென்று' அதற்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஐந்து ஒலிக்கும் ஐந்து இரட்டைக்கிளவிகளை வரிசையாக அடுக்கினால், திகில் கதை குழந்தைப் பாட்டாகிவிடும். இரண்டு இடங்களில் ஒலிக்குறிப்பு, ஓரிடத்தில் பெயர்ச்சொல், மற்ற இடங்களில் ஓசையை விட்டுவிட்டு அதைக் கேட்டவனின் எதிர்வினை என்று மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. பத்தியைத் திருத்தியிருக்கிறேன்: "கதவு கிரீச்சிட்டுத் திறந்தது. வெளியே சருகுகள் சரசரத்து அடங்கின. மாடியில் கனமாக ஏதோ தொப்பென்று விழ, அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். இருட்டுக்குள் எங்கோ இரும்புச் சங்கிலி ஒருமுறை அசைந்து நின்றது. அதன் பிறகுதான் படிக்கட்டில் ஆளரவம்." கிளாட்டர் ஆளரவமானதில் வேகம் குறைந்துவிட்டது எனக்கும் தெரிகிறது, ஆனால் தடதடப்பை அடுத்த வாக்கியத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

மறுமொழி 4: ஒலிப்பதிவாளர்

சங்கிலி வாக்கியம் நன்று. ஓசைச்சொல் ஒன்றுகூட இல்லாமல், 'அசைந்து நின்றது' என்பதிலேயே கிளாங்க் அறுந்துவிடுகிறது. ஆனால் 'கிரீச்சிட்டு' என்பது கிரீக்கைவிட ஸ்கிரீச்சுக்கு நெருக்கமாகக் கேட்கிறது. கதவை அவன் மெதுவாகத் திறக்கிறான் என்றால் 'முனகித் திறந்தது' என்று எழுதிப் பாருங்கள்.