ஹோமைத் தனியாகப் பிரித்தது பெக்கப் ஆகாது: உப்புவெளி ஸ்டூடியோவில் நடந்தது

லினக்ஸ் போடப்போகிறேன் என்று வருபவர்கள் எல்லோரும் டிஸ்கைப் பிரிக்கும்போது முதலில் கேட்பது ரூட்டுக்கு (சிஸ்டம் இருக்கும் பகுதி) எவ்வளவு, ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது உதவும் இடம்) எவ்வளவு என்றுதான். அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மின்ட்டோ உபுண்டுவோ, மெஷின் பூட் ஆக உதவும் இஎஃப்ஐ பகுதிக்கு 512 எம்பி, ரூட்டுக்கு லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபோர்மட்டில் ஒரு 50 ஜிபி, மிச்சம் நம் ஃபைல்கள் இருக்கும் ஹோமுக்கு. விண்டோஸ் ஏற்கெனவே இருந்தால் அதன் இஎஃப்ஐயே போதும், அதை ஃபோர்மட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். உபுண்டு 17.04 இலிருந்தே ஸ்வாப் ஒரு ஃபைலாகத்தான் வருகிறது, ஹைபர்னேட் (வேலையை டிஸ்கில் எழுதிவிட்டு மெஷினை அணைப்பது) வேண்டுமென்றால் தவிர அதற்காக மண்டையை உடைக்கத் தேவையில்லை.

திருகோணமலை உப்புவெளியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணா ஒருவர் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தார். வேறு டிஸ்க் ஒன்று வாங்கி வையுங்கோ அண்ணா என்று சொன்னால், "ஹோம் தனியா இருக்கு தம்பி, டைம்ஷிஃப்ட்டும் ஓடுது, என்ன ஆகப்போகுது?" என்பார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரூட்டை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் ஹோமில் உள்ளது அப்படியே இருக்கும், அப்டேட் ஒன்று சொதப்பினால் டைம்ஷிஃப்ட் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். ஆனால் எல்லாம் இருந்தது ஒரே டிஸ்கில். அதோடு, நாமாகச் சேர்க்காவிட்டால் டைம்ஷிஃப்ட் ஹோமைத் தொடவே தொடாது, அது சிஸ்டத்துக்கு மட்டும்தான்.

ஐப்பசியில் பின்னேர இடி எப்படியிருக்கும் என்று திருகோணமலையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லையே. கரண்ட் போய் வந்த பிறகு மெஷின் ஓன் ஆனது, பயோஸில் டிஸ்க்தான் இல்லை. கல்யாண வீட்டுப் படங்கள் அவ்வளவும் அதற்குள். கொடுத்து முடித்த அல்பங்களை வாடிக்கையாளர்களிடமே போய்ப் பென்டிரைவில் திருப்பி வாங்கினார், பாவம். கொடுக்காதவற்றுக்குக் கமராக் கார்டுகளில், அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் ஓட்டிப் பார்த்தோம், மேலே புதிதாக எழுதப்படாத படங்கள் வந்தன, ஆனால் அது பழைய ஃபைல் பெயர்களைத் தராது என்பதால் எந்தப் படம் எந்த வீட்டுக்கு என்று பிரித்தெடுக்கவே நாட்கள் போயின.

இப்போது அவரிடம் வெளி டிஸ்க் இரண்டு. ஒன்றைப் பெக்கப் எடுக்கும் நேரம் மட்டும் செருகுவார், முடிந்ததும் கழற்றிவிடுவார், செருகியபடியே விட்டால் அடுத்த மின்னல் அதையும் கொண்டுபோய்விடும். மற்றது வவுனியாவில் தங்கச்சி வீட்டில், போய்வரும்போது மாற்றிக்கொள்கிறார். 2004 இல் கடல் உள்ளே வந்த ஊரில் இரண்டையும் ஒரே அலுமாரியில் வைத்து என்ன பயன்?

இன்னொன்று. கடையில் வாங்கும் வெளி டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபெட் ஃபோர்மட்டில் வரும், டைம்ஷிஃப்ட் அதில் எழுதாது. அதனால் ஒரு பகுதியை எக்ஸ்ட்4 ஆக்கி டைம்ஷிஃப்டுக்கு விட்டோம், மிச்சத்தில் டெஜா டூப் என்ற பெக்கப் மென்பொருள் ஹோமை எடுக்கிறது. எடுத்ததும் ஏதாவது ஒரு ஃபோல்டரை வேறு இடத்தில் ரிஸ்டோர் பண்ணிப் படம் திறக்கிறதா என்று பாருங்கள். டெஜா டூப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டால் கடதாசியில் எழுதி வேறெங்காவது வையுங்கள், அது மறந்துபோனால் அந்தப் பெக்கப்பை யாராலும் திறக்க முடியாது.