உபுண்டு 18.04 இலிருந்து மேலே போக வேண்டும், இணைய இணைப்போ மிக மெதுவானது

கொட்டாஞ்சேனை டீச்சர்:

வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சனசமூக நிலையத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாலையில் கணினி வகுப்பு நடத்துகிறேன். கட்டணம் வாங்குவதில்லை. நன்கொடையாகக் கிடைத்த ஐந்து பழைய கணினிகள் இருக்கின்றன. நான்கில் லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான உபுண்டு 18.04, நினைவகம் 4 ஜிபி. ஐந்தாவதில் உபுண்டுவின் இலகுவான வகையான லுபுண்டு 18.04, அதுவும் பழைய செயலிகளுக்கான 32 பிட் பதிப்பு, நினைவகம் 2 ஜிபி மட்டுமே. 18.04க்கான இலவச ஆதரவு 2023 மே மாதத்துடன் முடிந்துவிட்டது. உலாவி பழையதாகிவிட்டதால் பிள்ளைகளுக்குத் தேவையான பல பக்கங்கள் சரியாகத் திறப்பதில்லை.

இணைப்பு ஒரு 4ஜி ரூட்டர். தொடர்மாடிக்குப் பின்னால் இருக்கும் அறை என்பதால் சிக்னல் வலுவாக இல்லை. நொடிக்கு 2 மெகாபிட் கிடைத்தாலே பெரிய விடயம், மழை தொடங்கினால் அதுவும் அறுந்துவிடும். பகல் டேட்டா குறைவு. நள்ளிரவுக்குப் பின்னர்தான் தாராளமாக இருக்கிறது, ஆனால் அந்நேரம் நிலையம் பூட்டியிருக்கும். ஒரு கணினியில் பதிப்பு உயர்த்தலைத் தொடங்கினேன். பதிவிறக்கம் பாதியில் நின்றுபோனது.

கடையில் கேட்டால் உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். திருட்டுப் பிரதியை வைத்துப் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்க எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸிலேயே இருந்துகொண்டு 24.04 வரை போக வழி சொல்லுங்கள்.

வெள்ளவத்தைவாசி:

டீச்சர், முதலில் ஒரு ஆறுதல். பதிவிறக்கத்தின்போது நின்றிருந்தால் அந்தக் கணினிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்தக் கட்டத்தில் பழைய மென்பொருள் எதுவும் மாற்றப்படுவதில்லை. இறங்கிய பொதிகளும் (மென்பொருள் கோப்புகள்), அவற்றை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட்டின் சேமிப்பு அடைவில் அப்படியே கிடக்கும். மறுபடி தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆனாலும் அந்த வழியில் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். 18.04 இலிருந்து 24.04க்கு நேரடியாகத் தாவ முடியாது. 20.04, 22.04 ஆகிய இரண்டையும் கடந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ முழு இயங்குதளத்தையே மீண்டும் இறக்கவேண்டி வரும். அதை மூன்று முறை, நான்கு கணினிகளுக்கு என்று பெருக்கிப் பாருங்கள். 2 மெகாபிட் இணைப்பு எவ்வளவு சீராக ஓடினாலும் மணிக்கு 900 மெகாபைட்டுக்கு மேல் தராது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. "பதிவிறக்கம் முடிந்ததும் இணையம் தேவையில்லை" என்பது உபுண்டுவில் இப்போது முழு உண்மை அல்ல. 22.04இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, தனிக் களஞ்சியத்திலிருந்து வரும் ஸ்னாப் என்ற வேறு வடிவத்துக்கு மாறிவிட்டது. பழைய ஃபயர்ஃபாக்ஸ் பொதிக்குப் பதிலாக வரும் புதிய பொதி, தான் நிறுவப்படும் நேரத்தில் ஸ்னாப் களஞ்சியத்தைத் தேடிப் போய் உலாவியை இறக்குகிறது. அதாவது, கணினி பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கும் அந்த ஆபத்தான வேளையில் மீண்டும் இணையம் தேவைப்படுகிறது. அந்த நேரம் பார்த்து மழை பெய்து இணைப்பு அறுந்தால் பொதிகள் அரைகுறையாக நின்றுவிடும். சரிசெய்யலாம்தான். ஆனால் பிள்ளைகள் வாசலில் காத்திருக்கும்போது அந்த வேலையில் இறங்குவது கொடுமை.

என் யோசனை இது: ஒரே ஒரு நிறுவல் கோப்பை இறக்கி, அந்த நான்கிலும் புதிதாக நிறுவுங்கள். உங்கள் கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளத்தின், இலகுவான திரைச்சூழல் கொண்ட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாகப் பொருந்தும். அது உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்டது, ஆதரவு 2029 வரை உண்டு, ஃபயர்ஃபாக்ஸ் சாதாரணப் பொதியாகவே வருகிறது. கோப்பின் அளவு 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. உபுண்டு 24.04இன் கோப்பு ஏறக்குறைய 6 ஜிபி.

டொரண்ட் வழியாக, அதாவது கோப்பைத் துண்டு துண்டாகப் பலரிடமிருந்து பெறும் முறையில், இறக்குங்கள். அதற்கு உபுண்டுவுடன் வரும் டிரான்ஸ்மிஷன் என்ற மென்பொருளே போதும். ஒவ்வொரு துண்டையும் அது தானே சரிபார்ப்பதால், இணைப்பு எத்தனை முறை அறுந்தாலும் கோப்பு பழுதாகாது. பகலில் வேகத்தை மிகக் குறைத்துவிடும்படி அதில் நேரம் குறித்து வைக்கலாம். இரவு டேட்டாவில் தானாக ஓடும். நிலையத்தில் இரவில் கணினியை விட்டுவர முடியாவிட்டால், ரூட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு மடிக்கணினியில் ஓடவிடுங்கள்.

தெமட்டகொடை தம்பி:

டீச்சர், வெள்ளவத்தை அண்ணா சொல்வது சரி. இறக்கும் சிரமம்கூட உங்களுக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, 8 ஜிபி பென்டிரைவில் எழுதித் தருகிறேன். ஆனால் நான் தந்தேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். கோப்பையும் தனியாகப் போட்டுத் தருகிறேன். கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண் மின்ட் தளத்தில் உண்டு, அதனுடன் நீங்களே ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நிறுவுங்கள்.

அதுவரைக்கும் ஒரு இடைக்கால வழி: உபுண்டு புரோ என்ற நீட்டித்த ஆதரவுச் சேவை தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம். அதன் மூலம் 18.04க்கு 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். புதிய மென்பொருள் வராது.

வெள்ளவத்தைவாசி:

நல்ல மனம் தம்பி. நிறுவிய பிறகு வரும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே சில நூறு மெகாபைட் இற்றைப்படுத்தல்கள் வரும். அதை ஐந்து முறை இறக்காதீர்கள். முதற்கணினியில், இறக்கிய பொதிகளைச் சேமித்து மற்றவற்றுக்கும் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி (apt-cacher-ng) என்ற பொதியை நிறுவுங்கள். மற்ற நான்கிலும் ஆப்ட்டின் புரொக்சியாக (இடைத்தரகுக் கணினியாக) முதற்கணினியின் முகவரியையும் 3142 என்ற போர்ட் எண்ணையும் கொடுங்கள். ஒரு கணினி இறக்கிய பொதியை மற்றவை ரூட்டரின் கேபிள் வழியாகவே எடுத்துக்கொள்ளும். அதற்கு வெளி இணைப்பின் வேகம் ஒரு பொருட்டல்ல. இந்த ஒரு ஏற்பாடு உங்கள் மாத டேட்டாவைக் காப்பாற்றும். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

நிறுவும் முன் பிள்ளைகளின் கோப்புகளை வெளி வன்தட்டில் பிரதி எடுத்து, அதிலிருந்து இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள்.

பாமினி பழகியவர்:

டீச்சர், எழுத்துருக்களையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். நம்மவர்களின் பழைய வினாத்தாள்கள் பெரும்பாலும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில்தான் இருக்கும். எழுத்துருக் கோப்பு இல்லாவிட்டால் திறந்ததும் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் (ibus-m17n) பொதியை நிறுவினால் ரெங்கநாதன் என்ற விசைப்பலகை அமைப்பு கிடைக்கும். இலங்கைத் தரம் அதுதான் என்பதால், யூனிகோடில் தொடங்கும் பிள்ளைகளுக்கு அதையே பழக்குங்கள்.

கொட்டாஞ்சேனை டீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தம்பி, பென்டிரைவை வாங்கிக்கொள்ள வருகிறேன், தனிமடல் அனுப்பியிருக்கிறேன். அந்த 32 பிட் லுபுண்டு கணினியை என்ன செய்வது? அதற்கு மின்ட் ஏறுமா?

வெள்ளவத்தைவாசி:

அதில் 32 பிட் இயங்குதளம் இருக்கிறது என்பதால் செயலியும் 32 பிட்தான் என்று முடிவு செய்ய வேண்டாம். முனையத்தில் எல்எஸ்சிபியூ (lscpu) என்ற கட்டளையைக் கொடுத்து இரண்டாவது வரியைப் பாருங்கள். 32, 64 இரண்டும் இருந்தால் மின்ட் ஏறும். 2 ஜிபி என்பது மின்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவு, உலாவியில் சில பக்கங்களைத் திறந்ததுமே திணறும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்த நினைவகம் விற்கும் கடைகள் உண்டு. பழைய தகட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், அதே வகையில் இன்னொரு 2 ஜிபி கேட்டு வாங்குங்கள். 32 மட்டும்தான் என்று வந்தால் டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸைப் போடுங்கள். டெபியன் 13இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை.